சித்தியின் ரம்பத்துக்குப் பல் கட்டிய வரலாறு

அன்பு மகளுக்கு,

உன்னைப் பெற்றவர்கள் மாடியில் இருக்க, உன்னைத் தூக்கி வளர்த்துக் கெடுத்த பெருமை முழுவதும் எனக்கே உரியது என்று இந்தத் தெருவே ஒப்புக்கொண்டிருக்கும் உன் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் தேய்ந்தது தேய்ந்தபடி, மற்றபடி சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சளி இருமல் இல்லாமல் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறீர்கள் என்று உன் சித்தி சொல்கிறாள், அதை உன் கையெழுத்தில் படித்தால்தான் எனக்கு வயிறு நிறையும். போன வாரம் போனில் நீ "சித்தி ஏன் ஒரு மாதிரி பேசறாங்க, வீட்ல ஏதாச்சும் பிரச்சனையா" என்று கேட்டாய், நான் தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி வைத்தேன். இப்போது எல்லாம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டதால் நடந்ததை எழுதுகிறேன். இந்தப் பேனா மேல் ஆணையாகச் சொல்கிறேன், இனி வரப்போவது உலகத்தில் ஒருவரும் நம்பாத கதை. நீயும் நம்பாதே, நம்பினால் உன் படிப்புக்கு உன் அப்பா செய்த செலவெல்லாம் வீண் என்று ஆகிவிடும். ஆனால் முழுதாகப் படி, ஏனென்றால் கை வலிக்க எழுதியிருக்கிறேன்.

உன் சித்தி நில அளவை அலுவலகத்தில் வாழ்நாளெல்லாம் வரைபடம் வரைந்துவிட்டு வந்தவள் என்பது உனக்குத் தெரியும், அவள் ஓய்வு பெற்ற மறுநாளே எனக்கு ஓய்வு போய்விட்டதும் தெரியும். படங்களுக்குச் சட்டம் செய்யப்போகிறேன் என்று பின்பக்கத் தகரக் கொட்டகையைப் பிடித்துக்கொண்டாள். நீ அந்த ஊருக்குப் போன பிறகு வந்து சேர்ந்த ஒரு ஜீவன் அங்கே இருக்கிறது, அதை உனக்கு முறைப்படி அறிமுகம் செய்ய வேண்டும். பெயர் டேபிள் சா. பெரிய இரும்பு மேஜை, நடுவில் ஒரு கீற்று, அந்தக் கீற்றிலிருந்து வட்டமான பிளேடு பாதி மட்டும் தலையை நீட்டிக்கொண்டிருக்கும், சுவிட்சைப் போட்டு மரத்தைத் தள்ளினால் வெட்டிக் கொடுக்கும். மூடப்போன ஒரு மரச்சாமான் கடையிலிருந்து கிடைத்தது. வயது யாருக்கும் தெரியாது, மனிதன் சக்கரத்தைக் கண்டுபிடித்தபோது மிச்சம் விழுந்த இரும்பில் செய்தது என்பது என் கணிப்பு. கனம் எவ்வளவு என்றால், அதை வண்டியிலிருந்து இறக்கிய அன்று தெரு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது, எதிர்வீட்டுக்காரர்கள் இன்றுவரை மேடு ஏறித்தான் வீட்டுக்குப் போகிறார்கள். சத்தத்தைப் பற்றி உன் அப்பாவைக் கேள். அவருக்குப் புதிதாகக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம், நாலு காசு செலவு செய்து கேட்க வைத்தால், சித்தி சுவிட்சைப் போட்டதும் முதல் காரியமாக அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். அப்புறம் மாட்ட மறந்துவிட்டு நாங்கள் யாரும் அவரோடு பேசுவதில்லை என்று உன் அம்மாவிடம் புகார் சொல்கிறார். உன் அம்மா நலம், மாடியில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்று தினமும் கீழே நிற்கும் என் தலையைத்தான் வளர்க்கிறாள். அதில் மட்டும் பலன் ஒன்றும் தெரியவில்லை.

நம் தெருமுனை நூலகத்தில் புதிதாக ஒரு படிப்பறை கட்டியிருக்கிறார்கள். அதன் சுவர் முழுக்கத் தெருக்காரர்கள் வீட்டில் கிடந்த பழைய புகைப்படங்களை மாட்டி, மாதக் கடைசியில் திறப்பதாக ஏற்பாடு. நூலகர் அம்மா நேரே நம் வீட்டுக்கு வந்து, எல்லாப் படத்துக்கும் நீங்கள்தான் சட்டம் போட்டுத் தர வேண்டும் என்று சித்தியிடம் சொல்லிவிட்டுப் போனார். இதுவரை சித்தி போட்ட சட்டமெல்லாம் உறவுக்காரர்களுக்குத்தான், அவர்கள் நன்றாயில்லை என்று சொல்ல முடியாது, சொன்னால் வீட்டுக்குள் வர முடியாது. வெளி ஆள் ஒருவர் தேடி வந்து கேட்டது இதுதான் முதல் தடவை. அன்று மாலை முழுக்க அவள் டீ ஆறிப்போவது தெரியாமல் அளவுகளைப் போட்டுக்கொண்டிருந்தாள், நான் என் டீயையும் அவள் டீயையும் சேர்த்துக் குடித்து அந்த மகிழ்ச்சியில் பங்கு கொண்டேன்.

மறுநாள் முதல் சட்டத்துக்கு மரத்தை உள்ளே தள்ளினாள் பார், அங்கே பிடித்தது சனி. பிளேடு மரத்தை வெட்டவில்லை, வறுத்தது. வெட்டிய ஓரமெல்லாம் கருகிப் பழுப்பேறி, கொட்டகையிலிருந்து புகை கிளம்பித் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. அவர்கள் வந்து வந்து பழகிப்போய் இப்போது மணி அடிக்காமலே வந்து டீ மட்டும் குடித்துவிட்டுப் போகிறார்கள். கருகியதைத் தேய்த்து எடுக்கலாம், ஆனால் மூலைதான் பெரிய தலைவலி. நாலு கட்டையையும் சாய்வாக வெட்டி மூலைக்கு மூலை சேர்த்தால் நடுவில் ஒரு மயிரிழை இடைவெளி நின்றது. என் கண்ணுக்கு அது தெரியவே இல்லை, சித்தியின் கண்ணுக்கு அதில் லாரி போகும். வாழ்நாளெல்லாம் ஒரு கோட்டுக்கும் இன்னொரு கோட்டுக்கும் நடுவே ஒரு ஆளின் நிலம் போய்விடக் கூடாதே என்று வரைந்தவள் அல்லவா. இன்னொரு தடவை வெட்டினாள், இன்னும் ஒரு தடவை வெட்டினாள், மரம் குட்டையாகிக்கொண்டே வந்ததே தவிர மூலை சேரவில்லை. கடைசியில் சுவிட்சை அணைத்துவிட்டு, "மாசக் கடைசிக்குள்ள இந்த மூலை சேரலன்னா நூலகர் அம்மாகிட்ட வேற ஆளப் பாத்துக்கோங்கன்னு சொல்லிடறேன், மெஷினையும் யாருக்காச்சும் குடுத்துடலாங்க, எனக்கும் வயசாயிடுச்சு" என்றாள். மகளே, உன் சித்தி வாயிலிருந்து வயசு என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. என் வயதைப் பற்றி நிறையச் சொல்வாள், அது வேறு. நீ போனில் கேட்ட அந்தக் குரல் அன்றிலிருந்து வந்ததுதான்.

சரி, புது மெஷினே வாங்கிவிடுவோம் என்று ராஜ நடை போட்டுக் கடைக்குப் போனேன். விலையைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு நாற்காலி போட்டார்கள், பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தார்கள், அப்போதே புரிந்துவிட்டது. தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று அதே ராஜ நடையில் திரும்பி வந்தேன். பழைய மெஷினுக்குப் புதுப் பிளேடு, அதுவும் கையைக் கடிக்காத விலையில், இதைத் தவிர வழி இல்லை. பிளேடு என்றால் என்ன, வட்டமாக இருக்கும், பல் இருக்கும், வாங்கி மாட்ட வேண்டியதுதானே என்று நினைத்தேன். இவ்வளவு நாள் உயிரோடு இருந்தும் ஒரு வட்டத்துக்குள் இத்தனை சமாச்சாரம் இருப்பது தெரியாமல் காலம் தள்ளியிருக்கிறேனே என்று இப்போது எனக்கே வியப்பாக இருக்கிறது.

பிளேடு விற்கும் கடைக்காரரை எல்லோரும் பல் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடைக்குள் போனால் தரையிலிருந்து கூரை வரை பல், எந்தப் பக்கம் திரும்பினாலும் நம்மைப் பார்த்து இளிக்கிறது. நான் பழைய பிளேடைக் கழற்றிக்கொண்டு போகவில்லை, எப்படியும் தேய்ந்தது, அதை எதற்குத் தூக்கிச் சுமப்பது என்ற ராஜதந்திரம். போனதும் இருப்பதிலேயே அழகான ஒன்றைக் காட்டி இதைக் கொடுங்கள் என்றேன். தங்க நிறம், எண்பது பல், வெயில் பட்டால் கண் கூசும். அவர் அதைத் தொடவே விடாமல், "எதுக்கு சார்" என்றார். வெட்டுவதற்கு என்றேன். "அது தெரியுது சார், நெடுக்கா கிழிக்கறதுக்கா, குறுக்க அறுக்கறதுக்கா" என்றார். நான் பொதுவாக வெட்டுவதற்கு என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். நோயாளி நிலைமை மோசம் என்றால் டாக்டர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

அங்கே உட்கார்ந்து கேட்டதுதான் என் வாழ்க்கையில் நான் முழுதாக விழித்திருந்து கேட்ட முதல் பாடம். பல் நிறைய இருந்தால் குறுக்கே அறுக்கும்போது வழவழவென்று வருமாம், ஆனால் அதே பிளேடில் மரத்தை நீளவாக்கில் கிழித்தால் பல்லுக்குப் பல் நடுவே தூள் வெளியேற இடம் இல்லாமல் சூடேறிக் கருகுமாம், மோட்டார் கிழமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். பல் குறைவாக இருந்தால் கிழிப்பது வேகம், ஆனால் அறுத்த முகம் நாய் கடித்துக் குதறியது போல இருக்கும். இரண்டு வேலையையும் ஒரே பிளேடில் செய்ய வேண்டுமென்றால் நாற்பது பல், தங்கமும் வேண்டாம் வைரமும் வேண்டாம் என்றார். எனக்குத் தங்கத்தை விட மனசில்லை, சும்மா கையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாத்துட்டு வெச்சிடுங்க சார், அது பெரிய மில்லுக்குப் போற பொண்ணு, உங்க வீட்டுக்குச் சரிப்படாது" என்றார். அப்புறம் கேள்வி மேல் கேள்வி. பிளேடின் குறுக்களவு என்ன, மோட்டார் வேகம் என்ன, பிளேடுக்குப் பின்னால் நிற்கும் பிரிப்புத் தகட்டின் தடிமன் என்ன, பிளேடு போய் உட்காரும் தண்டின் அளவு என்ன. பிரிப்புத் தகடு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. வெட்டிய மரம் மறுபடி ஒட்டிக்கொண்டு பிளேடைப் பிடித்துக்கொள்ளாமல் நடுவில் நின்று பிரித்து வைக்கிற தகடாம், சண்டைக்காரர்களுக்கு நடுவே நிற்கும் உன் அம்மாவைப் போல. எல்லாவற்றுக்கும் நான் கம்பீரமாக "நடுத்தரம்" என்று பதில் சொன்னேன். "சார், வீட்டுக்குப் போயி அளந்துட்டு வாங்க" என்று எழுந்துவிட்டார்.

வீட்டில் சித்தி பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பழைய பிளேடைக் கழற்றிக் கொடுத்தாள். தண்டை எதைக் கொண்டு அளப்பது. பிளேடின் ஓட்டையை அளந்திருக்கலாமே என்று நீ கேட்பாய், அந்த ஓட்டையின் ஓரமெல்லாம் தேய்ந்து பிசிறடித்து, எந்தப் பக்கம் அளந்தாலும் வேறு கணக்குச் சொன்னது. சித்தி தையல் டேப்பைக் கொடுத்தாள், அது தண்டைச் சுற்றி வளைந்தது, விட்டமும் சுற்றளவும் என் தலைக்குள் கைகலப்பு. அப்போதுதான் எனக்கு அந்த மகத்தான யோசனை உதித்தது. ஒரு உருளைக்கிழங்கைப் பாதியாக வெட்டி, தண்டின் மேல் அழுத்திக் குடைந்து எடுத்தேன், அச்சு அசலாகத் துளை விழுந்தது. அதைக் கைக்குட்டையில் சுற்றிக் கால்சட்டைப் பின்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன். அதற்கு மேல் அந்த உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பல் டாக்டர் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இது அளக்கறதுக்குக் கொண்டாந்ததா, இல்ல அம்மா மசிச்சுக் குடுத்து விட்டாங்களா" என்றார். கடையில் இருந்தவர்களுக்கு ரொம்ப நாளைக்குப் போதுமான சிரிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன், அதுவும் ஒரு சேவைதான்.

இதற்கு மேல் விளையாடக் கூடாது என்று அடுத்த தெரு லேத் பட்டறைக்காரரைக் கூட்டி வந்தேன். அவருக்குப் பெயர் மில்லிமீட்டர். நேரத்தைக் கேட்டால்கூட மில்லிமீட்டரில் சொல்கிற ஆள். பட்டு உறையிலிருந்து வாளை உருவுவது போல வெர்னியர் அளவுகோலை எடுத்து, பிளேடு உட்காருகிற இடத்தில் வைத்து, மூச்சை அடக்கி, "இருபத்திரண்டு" என்றார். மேஜைக்கு அடியில் குனிந்து நானும் பார்த்தேன். தண்டின் நுனி மெலிவாக இருந்தது, பிளேடு உட்காரும் இடம் மட்டும் ஒரு சின்னப் படி மாதிரி தடித்து நின்றது. அந்தப் படியைத்தான் அவர் அளந்தார். சந்தேகத்துக்கே இடம் இல்லாத அளவு, சந்தேகத்துக்கே இடம் கொடுக்காத ஆள். பிரிப்புத் தகட்டையும் அளந்து சொல்லிவிட்டு, உன் அப்பா மாடியிலிருந்து "யார்றா அது" என்று கேட்டதற்கு "நாலாயிரத்தி ஐநூறு மில்லிமீட்டர் மேலேருந்து கேக்கறீங்க" என்று பதில் சொல்லிவிட்டுப் போனார். உன் அப்பா காதில் கருவி இல்லை, அதனால் அந்த அளவு வீணாகப் போயிற்று.

இருபத்திரண்டு என்று நான் போய்ச் சொன்னதும் பல் டாக்டர் அடுக்கிலிருந்த பெட்டிகளையெல்லாம் இறக்கினார். பதினாறு இருந்தது, இருபது இருந்தது, இருபத்தைந்து இருந்தது, முப்பது இருந்தது. இருபத்திரண்டு மட்டும் இந்தப் பூமியில் இல்லை. "பெரிய ஓட்டையா இருந்தா வளையம் போட்டுச் சின்னதாக்கலாம் சார், வளையமும் உங்க அளவுக்கு என்கிட்ட இல்ல, இந்த மாதிரி தண்ட நான் பாத்ததே இல்ல" என்றார். எனக்கு உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது, உலகத்தில் எவனிடமும் இல்லாத தண்டு நம் வீட்டில். இருபதுக்காரனின் ஓட்டையை லேத்தில் கொடுத்துப் பெரிதாக்கிவிடலாமே என்று கேட்டேன். அதுவரை சிரித்த முகமாக இருந்தவர் சட்டென்று மாறிவிட்டார். "நடு மையம் ஒரு இம்மி தள்ளிப் போனாலும் பிளேடு ஆடும் சார். ஆடுற பிளேடுக்கு முன்னால நிக்கறது நீங்க இல்ல, உங்க வீட்டம்மா. அந்த மாதிரி பண்ணி மாட்டறதுன்னா என் கடைல வாங்காதீங்க" என்றார். நான் அந்த இருபதுக்காரனைப் பெட்டியில் திரும்ப வைத்தேன். என்னைப் பேச விடாமல் செய்தவர்கள் இந்த ஊரில் ரொம்பக் குறைவு. ஒன்று உன் சித்தி, இன்னொருவர் இப்போது பல் டாக்டர்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். வழக்கம் போல நடித்துத்தான் சொன்னேன், நடுவில் அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டேன். "சரி விடுங்க" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெஷின் மேல் ஒரு பழைய போர்வையை எடுத்துப் போட்டு மூடினாள், நூலகர் அம்மாவுக்குக் காலையில் போன் பண்ணிச் சொல்லிவிடுவதாகச் சொன்னாள், படங்களையெல்லாம் அடுக்கிக் கட்டி வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அந்தப் படங்களில் மேலே இருந்தது ஒரு பழைய சைக்கிள் கடை, வாசலில் யாரோ ஒருவர் டயரைத் தோளில் மாட்டிக்கொண்டு மாலை போட்ட மந்திரி மாதிரி நிற்கிறார். நான் வாசலுக்குப் போகும்போதெல்லாம் அவர் என்னையே பார்த்தார். சாப்பாடு இறங்கவில்லை, அப்படியும் இரண்டாவது முறை வாங்கிக்கொண்டேன், ஏனென்றால் மிச்சம் வைத்தால் அவள் அதற்கும் வருத்தப்படுவாள்.

காலையில் எழுந்து பார்த்தால் சித்தி கொட்டகையில் இருக்கிறாள். போர்வையை எடுத்துவிட்டு, மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டேன். "குடுக்கறதுன்னா அழுக்கோடயா குடுக்கறது, நாளைக்கு வாங்கறவங்க என்ன நினைப்பாங்க" என்றாள். அவள் அலுவலகத்தைவிட்டு வந்த அன்றும் இப்படித்தான் மேஜையைத் துடைத்துவிட்டு வந்தாளாம், பின்னால் வந்தவர் பயந்துபோய் அதில் உட்காரவே இல்லையாம். மேஜையைத் துடைத்தாள், கைப்பிடியைத் துடைத்தாள், அடியில் கையை விட்டுத் தண்டைத் துடைத்தாள். மரப்பிசினும் தூளும் சேர்ந்து தார் மாதிரி இறுகி இருந்ததால் ரொம்ப நேரம் ஊற வைத்துத் தேய்த்தாள். திடீரென்று கை நின்றுவிட்டது. "ஏங்க, இங்க வாங்க. இது சுத்துது" என்றாள். தண்டு என்றால் சுற்றத்தானே வேண்டும் என்றேன். "தண்டு அசையலீங்க, மேல இருக்கறது மட்டும் சுத்துது" என்றாள்.

குனிந்து பார்த்தேன் மகளே. மில்லிமீட்டர் மூச்சடக்கி அளந்த அந்தப் படி, தண்டில் பிறந்த படியே இல்லை. தனியாக ஒரு வளையம். அந்த மரச்சாமான் கடைக்காரர் எந்தக் காலத்திலோ வேறு எங்கோ கழித்துப் போட்ட பெரிய ஓட்டைப் பிளேடு ஒன்றை வாங்கி, அது லொடலொட என்று ஆடாமல் இருக்க ஒரு வளையத்தைச் செய்து போட்டு மாட்டியிருக்கிறார். பிசின் இறுகி வளையமும் தண்டும் ஒன்றாகிவிட்டது, பிளேடைக் கழற்றியபோது இது மட்டும் உள்ளேயே ஒட்டிக்கொண்டு தண்டு மாதிரி நடித்திருக்கிறது. நாங்களும் நாட்டிலேயே துல்லியமான கருவியைக் கொண்டுவந்து, மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்க மாப்பிள்ளைத் தோழனை நிற்க வைத்து அளந்திருக்கிறோம். ஒருவருக்குமே துடைத்துவிட்டு அளக்கலாம் என்று தோன்றவில்லை, விற்பதற்காகத் துடைத்தவளுக்குத்தான் உண்மை கிடைத்தது. சித்தி நகத்தால் நெம்பினாள், வளையம் கையோடு வந்தது. கீழே தண்டு ஒல்லியாகப் பளபளவென்று நின்றது. மில்லிமீட்டர் மறுபடி ஓடி வந்து அளந்து "பதினாறு" என்று சொல்லிவிட்டு, தன் வெர்னியரை ஒரு தரமும் எங்களை ஒரு தரமும் பார்த்துவிட்டு, "அளவு தப்பில்லீங்க, நான் அளந்த சாமான்தான் தப்பு" என்று கௌரவமாக விடைபெற்றார்.

அன்று கடைக்குச் சித்தியும் வந்தாள். பஸ்ஸில் பார்த்தால் அந்த வளையத்தை விரலில் போட்டுக்கொண்டு வருகிறாள், அளவாக உட்கார்ந்திருந்தது. கல்யாணத்தன்று நான் போட்ட மோதிரத்தைக்கூட அவள் அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்லை, இதைச் சொன்னேன், "அது இவ்வளவு கனம் இல்லீங்க" என்றாள். ரொம்ப நாள் கழித்துக் கேட்ட பதில் அது, எனக்கு உள்ளே ஒரு கதவு திறந்த மாதிரி இருந்தது. கடையில் நான் ஓரமாகத்தான் நின்றேன், அவளும் பல் டாக்டரும்தான் பேசினார்கள். மலிவு விலையில் ஒரு மெல்லிய பிளேடு இருந்தது, நான் அதை எடுத்து நீட்டினேன். கிழ மோட்டாருக்கு மெல்லிய பிளேடு சுமை குறைவுதான், ஆனால் அது வெட்டும் சந்து நம் பிரிப்புத் தகட்டைவிட ஒடுக்கம், வெட்டிய மரம் போய் அந்தத் தகட்டில் முட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று சித்தி அளவைக் காட்டிச் சொன்னாள். பல் டாக்டர் என்னைப் பார்த்து, "இவங்கள மொதல்லயே அனுப்பியிருக்கலாமே சார்" என்றார். அனுப்பியிருந்தால் உருளைக்கிழங்கு எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. அதற்கு அடுத்த விலையில், சாதாரண வெள்ளி நிறத்தில், நாற்பது பல்லும் பல் நுனியில் கெட்டி உலோகமும் வைத்த ஒன்றை எடுத்தாள். பிளேடு மேல் எழுதியிருக்கும் வேகம் நம் மோட்டார் வேகத்தைவிட அதிகமா என்று பார்த்தாள், நல்ல வேளை அது இருந்தது. தங்கப் பிளேடு சுவரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

வந்ததும் பிளக் பிடுங்கியிருக்கிறதா என்று என்னை மூன்று தரம் பார்க்கச் சொல்லிவிட்டு அவளே மாட்டினாள், பல் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதையும் அவளே பார்த்துக்கொண்டாள், கையால் சுற்றிவிட்டு ஆடுகிறதா என்று கண்ணை ஒட்ட வைத்துப் பார்த்தாள். அப்புறம் சுவிட்ச். உன் அப்பா மாடியில் கருவியைக் கழற்றினார். மரத்தைத் தள்ளினாள், வெண்ணெயில் கத்தி போன மாதிரி போயிற்று, புகை இல்லை, கருகல் இல்லை, அறுத்த முகத்தில் நான் தலை வாரிக்கொண்டேன், அவ்வளவு வழவழப்பு. நாலு கட்டையையும் வெட்டி மூலைக்கு மூலை சேர்த்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நானும் குனிந்து பார்த்தேன். ஒரு மூலையிலும் வெளிச்சம் வரவில்லை. அவள் கட்டைகளை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் போனை எடுத்தாள். காலையில் நூலகர் அம்மாவுக்குப் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தாளே, அந்தப் போனை அதுவரை பண்ணியிருக்கவில்லை. ஒருவேளை மனசு மாறாமல் அதையேதான் சொல்லப்போகிறாளோ என்று எனக்குத் திக்கென்றது. கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன், இதில் எனக்கு வெட்கம் இல்லை, இந்த வீட்டில் எல்லா முக்கியமான விஷயங்களும் அப்படித்தான் எனக்குத் தெரிய வரும். அவள், "நான்தான் பேசறேன், படமெல்லாம் சொன்ன தேதிக்கு வந்துடும்" என்றாள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டாள். அப்புறம், "உங்ககிட்ட இன்னும் படம் இருக்கா" என்று கேட்டாள்.

இதுதான் மகளே நடந்தது. இனிமேல் சித்தியோடு பேசும்போது குரல் எப்படி இருக்கிறது என்று என்னிடம் கேட்காதே, அவளிடமே மூலை சேர்ந்ததா என்று கேள், பேசி முடிக்க உனக்கு அரை நாள் ஆகும், அதற்குத் தோதாக நேரம் ஒதுக்கிக்கொண்டு கூப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் அங்கே பழைய சாமான் எதையாவது மலிவாகக் கிடைத்தது என்று வாங்கினால் முதலில் துடையுங்கள், அப்புறம் அளந்துகொள்ளுங்கள். குளிருக்குக் காலுறை போடு. அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, அவருக்குப் படிக்கக் கருவி தேவையில்லை. உன் முகம் வாடாமல், கை ஓயாமல், கேட்டது கிடைத்து, கிடைத்தது நிலைத்து, இரண்டு பேரும் சண்டை போட்டாலும் உடனே சிரித்துவிடுகிற பாக்கியத்தோடு நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று நானும் சித்தியும் மாடியில் இருப்பவர்களும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
உன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும்
சித்தப்பா

பி.கு.: எழுதியதைச் சித்தி வாங்கிப் படித்துவிட்டு, இதில் எது நிஜம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிய வேண்டாமா என்று கேட்கிறாள். சரி, ஒரே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இன்னும் படம் இருக்கா என்று அவள் கேட்டது உண்மை. பாவம் அந்த நூலகர் அம்மா, ஒரு அலமாரி நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் கடிதத்தை இத்தோடு முடித்துக்கொண்டு கொட்டகையில் தூள் கூட்டப் போகிறேன்.